ஏற்காட்டு மீன்தொட்டி இயல்

மீன்தொட்டியை அடிக்கணக்கில் சொல்வது நம் வழக்கம். கடையில் போய் "ரெண்டடி டேங்க் என்ன விலை?" என்று கேட்டால் போதும். நீளம் இரண்டடி, அகலம் ஓரடி, உயரம் ஓரடி என்பது கேட்பவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். பெருக்கினால் இரண்டு கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 56 லிட்டரும் சொச்சமும். கீழே கூழாங்கல், மேலே இரண்டு அங்குல இடைவெளி, மூலையில் ஃபில்டர் என்று கழித்துக்கொண்டே வந்தால் மீனுக்கென்று மிஞ்சுவது 45 லிட்டருக்குள்தான். நடுத்தரக் குடும்பத்து வீட்டுக் கூடத்தில் மேசைமேல் நிற்கும் தொட்டி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஆகவே இக்கட்டுரையும் இதையே அளவுகோலாகக் கொள்கிறது.

ஆராய வேண்டிய பொருள் இது: சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில், இந்த 45 லிட்டருக்குள், தன் ஆயுள் முழுவதையும் நலமாகக் கழிக்கக்கூடிய மீன் எது? வாங்கும் அன்றைக்கு எந்த மீனும் எந்தத் தொட்டிக்கும் பொருந்தும். பொருந்தாமை தெரியவருவது ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் அந்த மீனுக்கு வீட்டுக் குழந்தை ஒரு பெயரும் வைத்திருக்கும்.

கடைத் தொட்டியில் எல்லா மீனும் இரண்டு அங்குலம். குழப்பம் முழுவதும் அங்கிருந்தே தொடங்குகிறது. கப்பியும் இரண்டு அங்குலம், ஆஸ்கர் குஞ்சும் இரண்டு அங்குலம், வெள்ளியாய் மின்னும் 'ஷார்க்'கும் இரண்டு அங்குலம். ஆனால் கப்பிக்கு அது முழு வளர்ச்சி. ஆஸ்கருக்கு அது இரண்டாம் மாதம். ஆஸ்கர் ஓர் அடியைத் தொடும், பத்து ஆண்டுக்கு மேல் வாழும். ஷார்க் என்று விற்கப்படும் பங்காசியஸ் ஒரு மீட்டரைத் தாண்டும். சென்னை கொளத்தூர் ஆனாலும் சரி, சேலத்துக் கடைத்தெரு ஆனாலும் சரி, கண்ணாடியில் விலை எழுதி ஒட்டியிருப்பார்கள். வளர்ந்தால் எவ்வளவு நீளம், எத்தனை வருஷம் என்று எழுதி ஒட்டுவதில்லை. எழுதவேண்டும் என்று நான் வலுவாக நினைக்கிறேன். பால் பாக்கெட்டில் தேதி போடுவதை நாம் சட்டமாகவே வைத்திருக்கிறோம். இருபது வருஷம் வாழப்போகும் உயிரை விற்கும்போது ஒரு வரி எழுதுவது பெரிய சுமையாகாது.

இருபது வருஷம் என்பது மிகையில்லை. கோல்டு ஃபிஷ் நல்ல பராமரிப்பில் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் வளர்க்கப்பட்ட, 1956-இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 ஆண்டுகள், உயிரோடு இருந்தது. ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் வாங்கித் தரும் கோல்டு ஃபிஷ், முறையாக வைத்தால் அவன் வேலைக்குப் போன பிறகும் இருக்கவேண்டும். கிண்ணத்தில் அது ஆறு மாதம்கூடத் தாங்காததால் "கோல்டு ஃபிஷ்னா சீக்கிரம் செத்துடும்" என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். ரோம் நகராட்சி 2005-இல் வட்டக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வைப்பதையே தடைசெய்தது. அந்த முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

அளவைக் கணக்கிட ஒரு பழைய வாய்பாடு உண்டு: ஒரு கேலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். அதாவது நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீருக்கு ஓர் அங்குலம். நம் தொட்டியில் பதினோரு, பன்னிரண்டு அங்குலம் வைக்கலாம் என்று விடை வரும். ஒரே ஒரு ஆஸ்கர் பன்னிரண்டு அங்குலம். ஆகவே ஒரு ஆஸ்கர் தாராளமாக வைக்கலாம் என்று வாய்பாடு அனுமதித்துவிடுகிறது. பிழை எங்கே? நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு. ஓர் அங்குல மீன்கள் பன்னிரண்டும் சேர்ந்து ஒரு ஆஸ்கரின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. உண்பதும் கழிப்பதும் உடலின் பருமனைப் பொறுத்தவை. ஆகவே இந்த வாய்பாடு இரண்டு அங்குலத்துக்குள் நின்றுவிடும் மீன்களுக்கு மட்டுமே செல்லும். அதற்குமேல் அதை எடுத்துக்கொண்டு வருவது மீனுக்குக் கேடு.

லிட்டரைவிட முக்கியமான ஓர் அளவு உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. தொட்டியின் அகலம், முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை. நம் தொட்டியில் அது ஓரடி, கண்ணாடியின் கனம் போக 29 சென்டிமீட்டர். பத்து அங்குலம் வளர்ந்துவிட்ட ஒரு ஆஸ்கரை இரண்டடித் தொட்டியில் நின்று பார்த்தால் இந்த அளவின் பொருள் விளங்கும். அது நேராகத் திரும்ப முடியாது. முதலில் தலையை முன்கண்ணாடிப் பக்கம் சாய்க்கும். மூக்கு கண்ணாடியைத் தொட்டதும் வாலை வளைத்துப் பின்கண்ணாடியில் ஊன்றும். உடம்பு வில்லாய் வளைய, துடுப்புகளால் பின்னோக்கித் துழாவி, இரண்டு மூன்று தள்ளலில் திரும்பி முடிக்கும். அங்கே இரண்டடி போனதும் மறுபடி இதே வேலை. நாளெல்லாம் இப்படித் திரும்பும் மீனுக்கு மூக்கில் ஆறாத புண்ணும் வால் நுனியில் பிசிரும் இருக்கும். மீனின் முழு வளர்ச்சி நீளத்தைப்போலத் தொட்டியின் அகலம் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கவேண்டும் என்று நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி இந்தக் காட்சியிலிருந்து பிறந்தது. நீளம் ஆறு மடங்காவது வேண்டும். இரண்டடித் தொட்டியில் நீளமும் அகலமும் சேர்த்துப் பார்த்தால், பத்து சென்டிமீட்டர்தான் உச்சவரம்பு. அதுவும் சோம்பலான மீனுக்கு. துறுதுறுப்பான மீனுக்கு அதில் பாதி.

உயரத்துக்கும் மீன் உண்டு. ஏஞ்சல் மீனின் உடல் நீளம் அரையடிதான் என்றாலும், மேல்துடுப்பு நுனியிலிருந்து கீழ்த்துடுப்பு நுனிவரை அதைவிட நெட்டை. இருபது சென்டிமீட்டரைத் தாண்டும். கல்லையும் மேல் இடைவெளியையும் கழித்த ஓரடித் தொட்டியில் நீரின் உயரமே இருபது சென்டிமீட்டர். ஏஞ்சலுக்கு ஒன்றரையடி உயரம் வேண்டும், அவ்வளவுதான்.

பெரிதாகும் மீன்கள் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் பல, அழகுக்காக இந்த நாட்டுக்கு வந்தவையே இல்லை. ஜெயன்ட் கோராமியை 1916-இல் ஜாவாவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தது சமையலுக்காக. இலங்கையிலிருந்து 1939-இல் ஊட்டிக்கு வந்த கெண்டை இனம், குளிர்ந்த மலை நீரில் உணவு மீன் வளரட்டும் என்று கொண்டுவரப்பட்டது. இன்று கடையில் 'கோய்' என்று விற்கப்படும் வண்ணக் கெண்டை அதற்கு நெருங்கிய சொந்தம். பங்காசியஸ் தொண்ணூறுகளின் நடுவில் பங்களாதேஷ் வழியாக மேற்கு வங்கத்துக்குள் நுழைந்து, ஆந்திரக் குட்டைகளில் பரவி, ஆறேழு மாதத்தில் ஒரு கிலோ எடை காட்டும் பண்ணை மீனாக நிலைபெற்றது. உணவகங்களில் முள்ளில்லாத வெள்ளை மீன் துண்டாக வருவது பெரும்பாலும் இதுவே. மீன் சந்தையில் ரூப்சந்த் என்று கூவி விற்கும் பாக்கு மீனின் குஞ்சுதான் வண்ண மீன் கடையில் சிவப்பு வயிற்றோடு 'பிரானா' என்ற பெயரில் நிற்கிறது. ஏக்கர் கணக்கான குட்டையில் சீக்கிரம் எடை போடவேண்டும் என்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்கள் இவை. குஞ்சுப் பண்ணைகளில் லட்சக்கணக்கில் பொரிப்பதால் ஒரு குஞ்சின் விலை சொற்பம். மலிவு என்பதால் தொடக்கநிலைக்காரர் கையில் முதலில் சேர்வதும் இவையே. வண்ண மீன் வணிகத்தில் என்னை மிகவும் வருத்துவது இது ஒன்றுதான்: வைத்துக்கொள்ள மிகக் கடினமான மீன்கள் மிகக் குறைந்த விலையில் இருக்கின்றன.

இங்கே தடைகள் எழும். ஒவ்வொன்றாக எடுத்து விடை சொல்வது நம் உரையாசிரியர்கள் காட்டிய வழி.

தடை: "தொட்டி எவ்வளவோ அந்த அளவுக்குத்தானே மீன் வளரும்?"

விடை: இப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. சிறிய தொட்டியில் மீன் சிறியதாகவே நின்றுபோவதைப் பலர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே நடப்பது இணக்கம் இல்லை, நலிவு. மீன் தன் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கடும் நச்சு. மூன்றாவது மென்மையானது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். சிறிய தொட்டியில் பெரிய மீன் இருந்தால் இந்தச் சேர்மானம் வாரத்துக்குள் எல்லை மீறும். பசி குறைந்து, செவுள் கெட்டு, முதுகெலும்பு கோணி மீன் வளராமல் நிற்கும். ஐந்து அங்குலத்தில் நின்றுபோய் இரண்டாம் ஆண்டில் இறக்கும் ஆஸ்கர், தொட்டிக்கேற்ப வளர்ந்த ஆஸ்கர் ஆகாது. பத்து வருஷ வாழ்வில் எட்டு வருஷத்தை இழந்த ஆஸ்கர் அது.

தடை: "வளர வளரப் பெரிய தொட்டியாக மாற்றிக்கொள்ளலாமே?"

விடை: மாற்றலாம், மாற்றுபவர் முன்கூட்டியே வாங்கிவைப்பதே மேல். நீளத்துக்கான ஆறு மடங்கு விதியைத் தளர்த்திக்கொண்டாலும், ஒரு ஆஸ்கருக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரையடி உயரம் வேண்டும். பன்னிரண்டு கன அடி, 340 லிட்டர். தண்ணீர் மட்டுமே 340 கிலோ. கண்ணாடி, கல், தாங்கு சட்டம் சேர்ந்தால் 450 கிலோவை நெருங்கும். ஏற்காட்டின் பழைய எஸ்டேட் பங்களாக்களில் மரப்பலகைத் தளம் உள்ள அறையில் இதை வைப்பதற்குமுன் கொத்தனாரைக் கேட்கவேண்டும். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீர் மாற்றுவது என்றால் 85 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இரண்டடித் தொட்டிக்கு ஒரு பக்கெட் போதும், மாற்றிய நீரைச் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்கு ஊற்றினால் நைட்ரேட் உரமாகும்.

இதோடு ஹீட்டர் சேரும். ஆஸ்கர் அமேசான் படுகையின் மீன். 24, 25 டிகிரிக்குக் கீழே அதற்கு உடம்பு சுகப்படாது. ஏற்காட்டில் மே மாதத்திலேயே வெயில் 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13-க்கு இறங்கும். அந்தத் தொட்டிக்கு 300 வாட் ஹீட்டர் வேண்டும். நாளில் பாதி நேரம் ஓடினால் 3.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். இரண்டடித் தொட்டியின் 100 வாட் ஹீட்டரே இதே கணக்கில் 72 யூனிட் எடுத்துவிடும். பணம் உள்ளவர் கட்டிவிடலாம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும் இரவில் என்ன செய்வது என்பதற்குப் பணம் விடை சொல்லாது. நீர் குளிர்ந்துகொண்டே போகும், காற்றுக் குமிழியும் நின்றிருக்கும். விடியும்போது மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து, தலை மேலாகச் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடும். நெருக்கமாக மீன் வைத்த தொட்டியின் நிலை இது. அளவோடு வைத்த தொட்டியில் அதே இரவு எந்தச் சேதமும் இல்லாமல் கழியும்.

உயரம் வேறு ஒரு கணக்கையும் கொண்டுவருகிறது. 1500 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே அளவுக்கு நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். ஆனால் குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். சென்னையில் 30 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். ஏற்காட்டில் 20 டிகிரி நீரும் ஏறக்குறைய அதே அளவை ஏற்கும். குளிர் கொடுத்ததை உயரம் எடுத்துக்கொண்டது. குளிர்ந்த நீரில் மீன்களுக்கு ஆக்சிஜன் தேவையும் குறைவு, ஆகவே அவை பிழைத்துக்கொள்கின்றன. இதே நீரை ஹீட்டர் போட்டு 28 டிகிரிக்குச் சூடாக்கினால்? குளிரின் கொடை போய்விடும், உயரத்தின் குறை மட்டும் நிற்கும். மலைமேல் வெப்பமண்டல மீனைச் சமவெளியில் வைப்பதைவிடக் குறைவான எண்ணிக்கையில் வைக்கவேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

பாறையையும் விட்டுவிட முடியாது. சேர்வராயன் மலை சார்னோக்கைட் மலை. தாமஸ் ஹாலண்ட் 1893-இல் பெயரிட்ட இந்தப் பாறை பல்லாவரத்திலும் இருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குக் கொண்டுபோன கல் இதுவே. இது சுண்ணாம்புப் பாறையைப்போல் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே மலை ஊற்று நீர் மென்னீராக இருக்கும். சேலத்து ஆழ்குழாய் நீரின் உப்பும் கடினமும் இதில் இராது. தொடக்கநிலைக்காரருக்கு எல்லோரும் சொல்லும் மீன்கள் கப்பியும் மோலியும். இரண்டும் கடின நீரை விரும்புபவை, இரண்டும் வெதுவெதுப்பைக் கேட்பவை. சமவெளியில் அது நல்ல யோசனை. ஏற்காட்டில் நீரும் பொருந்தவில்லை, குளிரும் பொருந்தவில்லை. கப்பி இரண்டடித் தொட்டிக்கு அளவில் கச்சிதம் என்பதால் எனக்கும் அதை விட மனமில்லை. ஆனால் ஹீட்டரும், நீரில் கொஞ்சம் சிப்பித் தூளும் சேர்க்க ஒப்புக்கொள்பவர் மட்டும் வாங்கட்டும்.

இனி முடிச்சு தெளிவாகத் தெரியும். ஏற்காட்டுக் குளிருக்கு இயல்பாகப் பொருந்தும் பிரபலமான மீன்கள் கோல்டு ஃபிஷ்ஷும் கோயும். அவை இரண்டடியில் அடங்காதவை: சாதாரண கோல்டு ஃபிஷ் ஓரடி வரும், உருண்டை வகைகளே ஆறேழு அங்குலம் வரும், கோய் இரண்டடியைத் தாண்டும். இரண்டடியில் அடங்கும் பிரபலமான மீன்கள் நியான் டெட்ரா, கப்பி, ஃபைட்டர். அவை குளிருக்குப் பொருந்தாதவை. அளவுக்கும் குளிருக்கும் ஒருசேரப் பொருந்தும் மீன்கள் சில உண்டு. அவை கடையின் முன்வரிசையில் இருப்பதில்லை.

முதலாவது ஜீப்ரா மீன். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை நதி மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த நம் நாட்டு மீன். முழு வளர்ச்சியே நான்கு சென்டிமீட்டர். நீலமும் வெள்ளியுமான கோடுகள் தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே இழுப்பாக ஓடும். உலகெங்கும் மரபணு ஆய்வுக்கூடங்களில் இன்று லட்சக்கணக்கில் வளர்க்கப்படுவது இதுவே. 2013-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதில் இணை இருப்பது தெரிந்தது. ஆய்வுக்கூடங்கள் இதைத் தேர்ந்ததற்குக் காரணமான எளிமைதான் நமக்கும் வேண்டியது: சின்ன இடம், கடினமில்லாத உணவு, ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உடம்பு. ஜனவரி விடியலில் கூடத்துத் தொட்டியின் தெர்மாமீட்டர் 17 காட்டும்போதும் ஜீப்ரா ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமே தவிர ஒடுங்கிவிடாது. கூட்ட மீன் என்பதால் ஆறுக்குக் குறையக் கூடாது. மூன்று, நான்கு ஆண்டுகள் வாழும். நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் மீன் ஆகையால் உயரமான தொட்டி இதற்கு வீண். இரண்டடி நீளத்தில் ஓரங்குலத்தைக்கூட விட்டுவைக்காமல் பயன்படுத்தும்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, வெள்ளை மேக மலை மீன். சீனத்தில் குவாங்சோவுக்குப் பக்கத்திலுள்ள வெண்மேக மலையின் ஓடைகளில் டான் என்ற சாரணர் தலைவர் கண்டெடுத்தது. 1932-இல் முறைப்படி விவரிக்கப்பட்டபோது அவர் பெயராலேயே பேரினப் பெயர் அமைந்தது. பிறந்த ஓடைகளில் 1980 வாக்கில் அற்றுப்போய்விட்டது என்றே கருதப்பட்டு, பின்னர் வேறு சில இடங்களில் மீண்டும் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்த இனத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவை பெரும்பாலும் வீட்டுத் தொட்டிகள். நான்கு சென்டிமீட்டர், வாலில் சிவப்புப் பொட்டு, 14 முதல் 22 டிகிரி வரை சுகமாக இருக்கும். சென்னை வெயிலில் இதை வைத்துக்கொள்ளத் திணறவேண்டும். ஏற்காட்டில் மே மாதத்தின் சில வாரங்களைத் தவிர ஆண்டு முழுவதும் இதற்குரிய காலநிலை. சேலத்துக் கடையில் சொல்லிவைத்தால் வருவித்துத் தருவார்கள். காத்திருந்து வாங்கத் தகுந்த மீன்.

மூன்றாவதாக பாரடைஸ் மீனைச் சொல்லலாம். ஆறு, ஏழு சென்டிமீட்டர். 1869-இலேயே பாரிசுக்குக் கப்பலேறிய பழைய தொட்டி மீன். நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கு இருப்பதால் மின்வெட்டு இரவு இதைப் பாதிக்காது. ஆண்கள் சண்டைக்காரர்கள். தொட்டிக்கு ஒன்றே ஒன்று. அதனோடு சின்ன வெள்ளை மேக மீனைச் சேர்க்கவே கூடாது.

ரோசி பார்ப் குளிரைத் தாங்கும், ஆனால் மூன்றடித் தொட்டிக்குரியது. இத்தோடு பட்டியல் ஏறக்குறைய முடிந்தது. குறைவாகத் தோன்றலாம். எட்டு ஜீப்ராவும், கொஞ்சம் ஜாவா பாசியும், மலையிலேயே கிடைக்கும் இரண்டு வழுவழுப்பான கல்லும் உள்ள தொட்டியை ஒரு மாலை முழுக்கப் பார்த்தவர் குறை சொல்லமாட்டார்.

கடைசித் தடை ஒன்று இருக்கிறது; அதற்கு நீண்ட விடை வேண்டும். "ஊர் நடுவில்தான் ஏரி இருக்கிறதே, மீன் பெரிதானால் அதில் விட்டுவிடலாமே?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. கொல்ல மனமில்லாமல், மீனுக்கு விடுதலை தருவதாக நினைத்துச் செய்கிறார்கள். விளைவு வேறு. போபாலின் பெரிய ஏரியில் 2023 ஏப்ரலில் வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் என்ற மீன் வலையில் சிக்கியது. அடுத்த மாதமே ஸ்ரீநகர் தால் ஏரியிலும் ஒன்று கிடைத்தது. இரண்டு மீட்டருக்குமேல் வளரும் வேட்டை மீன் அது; யாரோ தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்டால்தான் உண்டு.

அதைவிடப் பரவலானது 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீன். பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி இரண்டடித் தொட்டிக்கும் ஒன்று சேர்த்துக் கொடுப்பார்கள். ஒன்றரையடி வரை வளரும், ஏராளமாகக் கழிக்கும். சுத்தம் செய்வதற்கு அதை வாங்கக் கூடாது. தொட்டியிலிருந்து தப்பியும் விடப்பட்டும் இது கேரளத்துக் கால்வாய்களிலும் கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் தமிழ்நாட்டு ஏரிகளிலும் குடியேறிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு என்பதால் வலை கிழியும், வாங்க ஆளும் இல்லை. மீன்பிடித்துப் பிழைப்பவர் ஒரு வீச்சில் பாதி சக்கராக வந்தால் அன்றைய கூலியை இழக்கிறார். தண்ணீர் 10 டிகிரி வரை குளிர்ந்தாலும் தாங்கக்கூடிய மீன் ஆதலால் ஏற்காட்டுக் குளிர் அதைத் தடுத்து நிறுத்தும் என்று நம்பியிருக்க முடியாது. கோல்டு ஃபிஷ்ஷுக்கோ அந்தக் குளிர் சொந்த ஊர். அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும். ஒளி புகாமல் நீர்த்தாவரம் அழியும்.

ஏரியில் விட்டது ஏரியோடு நிற்பதும் இல்லை. மழைக்காலத்தில் ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாக விழுந்து கீழே போகிறது. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் இதே மலைகளில் பிறந்து காவிரியில் சேர்வதுதான். காவிரிப் படுகையில் வேறெங்கும் இல்லாத மீன்கள் உண்டு. ஜெர்டன் 1849-இல் விவரித்த அருலியஸ் பார்ப் அவற்றில் ஒன்று. துடுப்பு இழைகள் நீண்டு, மேனி பச்சையும் செம்பும் கலந்து மின்னும் மீன், இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. ஒரு வீட்டின் இடப்பற்றாக்குறையை அந்த மீனின் தலையில் இறக்க நமக்கு உரிமை கிடையாது.

தொடங்குபவர் செய்யவேண்டியது இது. தொட்டியில் நீர் நிரப்பி ஃபில்டரை ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுக் காத்திருக்கவேண்டும். அது அழுகித் தரும் அம்மோனியாவில் நுண்ணுயிர்கள் பெருகும். சமவெளியில் நான்கு முதல் ஆறு வாரம். குளிரில் அவை மெதுவாகப் பெருகுவதால் மலையில் எட்டு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. அவசரப்பட்டால் முதல் மீன்கள் நச்சு நீரில் மாட்டும். பிறகு நான்கு ஜீப்ரா, இரண்டு வாரம் கழித்து இன்னும் நான்கு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பையைக் கட்டு அவிழ்க்காமல் தொட்டி நீரில் அரைமணி மிதக்கவிடவேண்டும். அடிவாரத்து நீருக்கும் வீட்டு நீருக்கும் பத்து டிகிரிகூட வித்தியாசம் இருக்கலாம்.

ஏற்கெனவே ஆஸ்கரோ ஷார்க்கோ வீட்டில் இருக்கிறதென்றால், அதை வாங்கிய கடைக்காரரிடமே முதலில் பேசிப் பார்க்கலாம். வளர்ந்த மீனைத் திருப்பி எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்றால் சேலத்தில் நான்கடி, ஆறடித் தொட்டி வைத்திருப்பவரைத் தேடவேண்டும். கொண்டுபோகும் முதல் நாள் தீனி போடக் கூடாது. பெரிய மீனுக்குப் பை ஒத்துவராது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாதி அளவு தொட்டி நீர், மேலே காற்று, சுற்றிலும் கம்பளி, வெயில் ஏறுவதற்குமுன் முதல் பஸ். மீன் போன பிறகு தொட்டியைக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துவிடாதீர்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல், பழைய தொட்டி நீரிலேயே பிழிந்து மறுபடி மாட்டி ஓட விட்டால் அதில் உள்ள நுண்ணுயிர்கள் அப்படியே இருக்கும். பாதி நீரை மாற்றிவிட்டு அதே வாரத்தில் ஜீப்ராவை விடலாம்.